ஆளைக் கொடுத்துவிட்டு ஆடும் அணி: பந்தலூரில் ஒரு இறுதி ஆட்டம்

இந்தப் பயணம் ஒரு சண்டையில் ஆரம்பித்தது. சண்டையை இழுத்தது நான்தான், அதனால் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

போன டிசம்பரில், பயணத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், இந்த வலைப்பதிவில் ஒரு கால்பந்துப் பதிவு எழுதினேன். இருபது வருஷமாக நான் உயிரை விட்டு ஆதரித்த வெளிநாட்டு அணி ஒன்று, அதன் பயிற்சியாளர் ஓய்வு பெற்ற பிறகு கந்தலாகிப் போனது. அந்தக் கடுப்பில் எழுதினேன்: எந்தத் தொழில்முறை அணியும் ஐந்து வருஷத்துக்கு மேல் உச்சியில் நிற்காது, நின்றால், அதை ஒரே ஒரு ஆள் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம், அவர் எழுந்து போனால் அன்றைக்கே கதை முடிந்தது. பலர் ஆமாம் போட்டார்கள். பந்தலூரிலிருந்து ‘பரமு’ என்ற பெயரில் வந்த ஒரு கருத்து மட்டும் மூக்கை உடைத்தது.

“அஞ்சு வருசம் எல்லாம் டிவியில வர்ற டீமுக்கு. எங்க எஸ்டேட் டீம் ஒம்பது வருசமா கப்பை யாருக்கும் குடுக்கல. பிப்ரவரி கடைசி ஞாயித்துக்கிழமை ஃபைனல். வந்து பாத்துட்டு எழுதுங்க சார்.”

நான் சார் இல்லை. குன்னூரில் ஒரு தேயிலை ஏலத் தரகர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நாற்பத்தோரு வயதுப் பெண். ஆனால் அதைத் திருத்தும் பொறுமை அன்றைக்கு இல்லை. “எஸ்டேட் டீமும் தொழில்முறை அணியும் ஒன்றா சார்?” என்று பதில் போட்டேன். பத்து நிமிஷத்தில் வந்தது: “மேட்ச் அன்னிக்கு எங்களுக்கு வேலைக்கு வந்ததா பேர் போட்டு சம்பளம் தர்றாங்க. எதுத்து ஆடுறவங்கள்ல பாதிப்பேர் காசுக்கு வர்றவங்க. தொழில்னா வேற என்னா சார்?”

யாராவது இப்படி மடக்கினால் நான் பஸ் ஏறிவிடுவேன், அது என் குணம். ஏலம் வியாழன் வெள்ளியோடு முடிந்துவிடும். திங்கள் ஒரு நாள் லீவு சொன்னால் போதும்.

சனிக்கிழமை காலை 5.50க்குக் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். ஊட்டி 19 கிலோமீட்டர், டிக்கெட் 22 ரூபாய். 6.45க்கு ஊட்டி, கை விறைக்கும் குளிர். உடனே கூடலூர் பஸ் கிடைத்தது, 58 ரூபாய். தூரம் ஐம்பது கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவட்டம் தாண்டியதும் இறக்கம். வயிறு புரட்டுகிறவர்கள் முன்பக்கம் உட்காருங்கள், காலையில் எதுவும் சாப்பிடாதீர்கள். நான் இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தேன், அதைப் பற்றி மேலே எழுத விரும்பவில்லை.

9.15க்குக் கூடலூர். அங்கிருந்து பந்தலூர் பஸ் ஒரு மணி நேரம், 30 ரூபாய். இறங்கியபோது குன்னூரின் குளிர் போய் ஸ்வெட்டர் பாரமாகிவிட்டிருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மாடி லாட்ஜில் அறை 700 ரூபாய், சுடுதண்ணீர் காலை எட்டு மணி வரைதான். பையைப் போட்டுவிட்டு எஸ்டேட்டுக்குப் போக ஜீப் கேட்டேன். தனி ஜீப் 250, ஆள் சேர்ந்தால் தலைக்கு 30. ஆள் சேரும் வரை காத்திருந்தேன். (எஸ்டேட் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள், அதனால் எழுதவில்லை.)

ஜீப் ஓட்டியவர் நாசர். மலையாளமும் தமிழும் அவர் வாயில் ஒன்றாகவே வரும். ஃபைனல் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் உற்சாகமாகிவிட்டார்.

“சேச்சி, இந்தப் பிராவசியம் கப் நம்ம பஜார் டீமுக்குத் தன்னே. எழுதி வச்சோளூ.” (பிராவசியம் என்றால் தடவை.)

“ஏனுங்க, எஸ்டேட் டீமை யாரும் ஜெயிக்க முடியாதுன்னு சொன்னாங்களே?”

“அது போன வருசம் வரைக்கும். இப்ப அவங்க மூளை நம்ம கையில இருக்கு.”

என்ன மூளை என்று கேட்டதற்கு, “போய்ப் பாருங்க” என்று சிரித்துவிட்டு கியரை மாற்றினார். பரமு சாரை எங்கே பார்க்கலாம் என்று கேட்டபோது இன்னும் அதிகமாகச் சிரித்தார். மடுவத்தில் இறக்கிவிட்டார். மடுவம் என்பது பறித்த கொழுந்தை எடை போடும் கொட்டகை. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் கொண்டுவந்த சொல், இந்தப் பக்கத்து எஸ்டேட்டுகளில் இன்னும் புழங்குகிறது.

பகல் 12.30. தராசுக்கு முன்னால் கொழுந்துச் சாக்கோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். தலையில் துண்டு கட்டிய, என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு பெண் எடையைப் படித்துப் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். “பரமு சார் இருக்காருங்களா?” என்று அவரிடமே கேட்டேன். வரிசை மொத்தமும் சிரித்தது.

“நான்தான் பரமேஸ்வரி. குன்னூர் சார் நீங்கதானா?” என்றார் அவர். அவருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “முப்பது பேர் நிக்குது. எடை முடியட்டும்.”

எடை முடிந்து, கறுப்புத் தேநீரும் ஒரு துண்டு வெல்லமும் கையில் வந்த பிறகுதான் முழுக் கதையும் கிடைத்தது. எஸ்டேட்டில் பறிப்பு மேற்பார்வை அவர் வேலை. எஸ்டேட் கால்பந்து அணியின் மேனேஜரும் அவரே. ஒரு பொம்பளையா என்று முதல் வருஷம் சிரித்தார்கள், இரண்டாம் வருஷம் கப் வந்தது, அதோடு சிரிப்பு நின்றது. செவன்ஸ் ஆட்டம், பக்கத்துக்கு ஏழு பேர். கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதற்குத்தான் மவுசு.

இந்தப் போட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. ஃபைனலில் தோற்ற அணி, ஜெயித்த அணியிலிருந்து ஒரு ஆளைப் பெயர் சொல்லிக் கேட்கும். அந்த ஆளை ஒரு வருஷத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும், அடுத்த ஃபைனல் முடிந்ததும் திரும்பி வந்துவிடலாம். கொடுக்க மாட்டேன் என்றால் அடுத்த வருஷம் போட்டியிலேயே இடமில்லை. ஒரே அணி ஜெயித்துக்கொண்டிருந்தால் ஆட்டம் பார்க்க ஆள் வராது என்று கமிட்டி வைத்த ஏற்பாடு. எஸ்டேட் அணி எட்டு வருஷம் எட்டுப் பேரைக் கொடுத்துவிட்டு, அப்படியும் ஜெயித்தது.

“போன வருசம் பஜார் டீம் தோத்துச்சு. ஆட்டக்காரனைக் கேட்டு எடுத்து என்னா பிரயோசனம்னு யோசிச்சிருக்காங்க. வழக்கத்துல ‘ஆள்’னுதானே இருக்கு, ‘ஆட்டக்காரன்’னு இல்லையே. என்னையக் கேட்டாங்க.”

“நீங்க போயிட்டீங்களா?”

“போகாம? ஒரு வருசமா நான் பஜார் டீமு மேனேஜரு.”

நாசர் சொன்ன மூளை இதுதான். எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. இது என் பதிவுக்கே வைத்த பரீட்சை. ஒரு ஆள் தாங்கும் அணி, அந்த ஆள் போனால் விழும் என்று எழுதியவள் நான். இங்கே அந்த ஆளை உருவி எதிர்ப்பக்கம் உட்கார வைத்திருக்கிறார்கள்.

“அப்ப நாளைக்கு உங்க டீம் தோற்கணும்னு நீங்க வேலை செய்யணும்.”

“நாணயமாத்தான் செஞ்சிருக்கேன். கேட்டு வாங்கிட்டுப் போனவங்களுக்கு அரைகுறையா வேலை பாக்க முடியுமா? இவங்க ஓடுறது, நிக்கிறது, எவனுக்கு எந்தக் கால் வீக்கு, எல்லாம் பஜாருக்குச் சொல்லிக் குடுத்துட்டேன்.” தேநீரை ஊதிக் குடித்தார். “ஆனா நாளைக்கு எஸ்டேட்டு தோத்துச்சுன்னு வைங்க. ஒம்பது கப்பும் பரமேஸ்வரி ஒருத்தி வேலைன்னு ஊரு சொல்லும். அந்தப் பயலுக ஒம்பது வருசம் ஓடுன ஓட்டமெல்லாம் ஒண்ணுமில்லன்னு ஆகிப்போகும். அதவிட எனக்கு அசிங்கம் வேற வேணுமா? நான் இல்லாம ஜெயிச்சாத்தான் நான் செஞ்சது வேலை.”

இவ்வளவையும் சொல்லிவிட்டு என்னைப் பறிப்புக்கு அழைத்துப் போனார். ஆற்றோரம் இறங்கும் ஒரு சரிவு. பெண்கள் ஆளுக்கொரு நிரையில், அதாவது இரண்டு செடி வரிசைக்கு நடுவில், மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். அங்கே அதை ‘நெறை’ என்கிறார்கள். தண்ணீர்ப் பக்கத்து நெறையில் கொழுந்து கொழிக்கும். பாறை மேட்டு நெறையில் பறித்தால் விரல்தான் தேயும். நல்ல நெறை ஒருத்திக்கே நிலைத்துவிட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் பரமேஸ்வரி நெறையை மாற்றிக் கொடுத்துவிடுவார். யாருக்கும் சொந்த நெறை கிடையாது.

“டீமும் இதேதான். ஆட்டத்துக்கு நடுவுல நான் ‘நெறை மாத்து’ன்னு சத்தம் குடுப்பேன். பின்னாடி நிக்கிறவன் முன்னாடி போவான், எடப்பக்கத்துக்காரன் வலப்பக்கம் வருவான். கோல் காக்குறவன்கூட மாறுவான். எவனை எடுத்துட்டுப் போனாலும் அந்த எடத்துல ஆடிப் பழகுனவன் இன்னும் நாலு பேரு இருப்பான். அதான் எட்டுப் பேரைக் குடுத்தோம், ஒண்ணும் ஆகல.”

என் வெளிநாட்டு அணி கோடிக்கணக்கில் கொட்டி ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நட்சத்திரத்தை வாங்கி நிறுத்தியது. அவர்களில் ஒருவன் காலை உடைத்துக்கொண்டால் அந்த வருஷமே போச்சு. இதை நினைத்து எனக்கு உண்மையாகவே ஆத்திரம் வந்தது, இருபது வருஷம் தப்பான அணிக்குத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேனோ என்று.

மாலை நான்கு மணிக்கு எஸ்டேட் அணி பயிற்சிக்கு வந்தது. மைதானம் மடுவத்துக்குக் கீழே. நான் போய்ப் பார்த்தேன், பரமேஸ்வரி வரவில்லை. மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். எதிரணி மேனேஜர் பயிற்சியைப் பார்ப்பது ஒழுங்கில்லையாம். ஒரு வருஷமாக அப்படித்தான். அணியின் கேப்டன் யோகராஜ் அவருடைய கூடப் பிறந்த தம்பி. ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் பிரிவில் வேலை, வயது முப்பது. ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், அடுத்தடுத்த வீடு. ஒரு வருஷமாக அக்காவும் தம்பியும் மழை, சம்பளம், மாமியார் எல்லாம் பேசினார்கள், பந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பயிற்சி எனக்குக் கவலை தந்தது. ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இடம் மாற வேண்டிய நேரத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சத்தம் கொடுக்க ஆள் இல்லை. யோகராஜிடம் கேட்டேன். “கால் பழகிருச்சுங்க. எப்பங்கிறதுதான் அக்காவுக்குத் தெரியும்” என்றான். அன்றைக்கு லாட்ஜுக்குத் திரும்பி, பரோட்டா சாப்பிட்டுவிட்டு (இரண்டு பரோட்டா, குருமா, 50 ரூபாய், அருமை), என் ஐந்து வருஷக் கணக்கு ஜெயிக்கப் போகிறது என்ற நினைப்போடு படுத்தேன். எந்தச் சந்தோஷமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் 3 மணிக்கு. கேரளாவில் செவன்ஸ் என்றால் விளக்கு வெளிச்சத்தில் ஆடுவார்கள், இங்கே பகலிலேயே முடித்தாக வேண்டும். ஆறு மணிக்கு மேல் அந்தப் பாதையில் யானை இறங்கும், யானை வந்தால் நடுவர் சீட்டி ஊதியெல்லாம் பிரயோசனமில்லை. டிக்கெட் 40 ரூபாய், பெண்களுக்கு இலவசம். இலவசம் என்பதால் எஸ்டேட்டே வந்திருந்தது. மைதானம் மேற்கே சாய்வு. சாய்வு முடிகிற இடத்தில் தேயிலை ஆரம்பம்.

பஜார் அணியில் நான்கு பேர் உள்ளூர்க் கடைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள், மூன்று பேர் மலைக்குக் கீழே இருந்து சம்பளத்துக்கு வந்தவர்கள். அந்த மூவரும் நடந்து வந்ததிலேயே அவர்கள் தரம் தெரிந்தது. ஓரத்தில் நாற்காலி போட்டு அணியை நடத்தும் சுந்தரம் உட்கார்ந்திருந்தார். பஜாரில் பலசரக்குக் கடை, பூர்வீகம் கோயம்புத்தூர்ப் பக்கம். அவருக்குப் பக்கத்தில், தலைத்துண்டோடு, பஜார் அணியின் நீலச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு பரமேஸ்வரி. எஸ்டேட் பெண்கள் யாரும் அவரைப் பார்த்துக் கையசைக்கவில்லை. நான் அசைத்தேன், அவர் கவனிக்கவில்லை.

முதல் பாதி முப்பது நிமிஷமும் பஜாருடையது. பரமேஸ்வரி சொல்லிக் கொடுத்தது ஒவ்வொன்றும் தெரிந்தது. யோகராஜை இடது காலுக்கே தள்ளினார்கள், அவனுக்கு அது வராது. பன்னிரண்டாவது நிமிஷம் சம்பளக்காரர்களில் ஒருவன் சாய்வில் இறங்கி வந்து கோல் போட்டான். நாசர் ஜீப் பானட்டின் மேல் ஏறி நின்று ஆடினார். பரமேஸ்வரி கைதட்டினார். மூன்று முறை, அளந்து தட்டினதுபோல். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, “பாவி, சொந்தத் தம்பிக்குக் குழி தோண்டுறாளே” என்று என் காதில் விழும்படி சொன்னார்.

இரண்டாம் பாதியில் பத்து நிமிஷம் கழிந்து அந்த விஷயம் நடந்தது. அதற்காகவே இந்தப் பதிவை எழுதுகிறேன். பஜாரின் முன்வரிசை களைத்திருந்தது. ஆட்களை மாற்றி நிறுத்தினால் இரண்டாவது கோல் நிச்சயம். பரமேஸ்வரி எழுந்தார், இரண்டு கையையும் வாயருகே குவித்தார், மலைச் சரிவுக்குக் கேட்கிற குரலில் கத்தினார்.

“நெறை மாத்து!”

பஜார் அணிக்கும் அதையேதான் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆனால் மைதானத்தில் இருந்த மற்ற ஏழு பேருக்கு அது ஒன்பது வருஷத்துக் குரல். இரண்டு அணியும் ஒரே நேரத்தில் இடம் மாறின. முன்னால் நின்றவன் பின்னால், பின்னால் நின்றவன் முன்னால், பந்து மட்டும் நடுவில் அனாதையாகக் கிடந்தது. கூட்டம் ஓவென்று சிரித்தது. எஸ்டேட் ஆட்கள் யோசிக்காமல் புது இடத்துக்குப் போய்விட்டார்கள். பஜாரின் சம்பளக்காரர்கள் மூவரும் நமக்குச் சொன்னதா அவர்களுக்குச் சொன்னதா என்று ஒரு நொடி நின்றார்கள். அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பந்து பஜார் வலைக்குள் கிடந்தது. ஒன்றுக்கு ஒன்று.

சுந்தரம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “ஏம்மா பரமேஸ்வரி, இது நாயமா? எங்க உப்பைத் தின்னுபோட்டு அவீகளுக்குச் சத்தம் குடுக்கறியா?”

பரமேஸ்வரியின் முகம் வெளுத்துவிட்டது. அப்படி ஒரு பிழை நடக்கும் என்று அவர் நினைத்தே பார்த்திருக்கவில்லை. ஆனால் குரல் இறங்கவில்லை. “சுந்தரண்ணே, உங்க பயலுகளுக்குத்தான் கத்துனேன். அவனுங்க காதுலயும் விழும்னு எனக்குத் தோணல. அது என் தப்பு, ஒத்துக்கிறேன். ஏமாத்துனேன்னு மட்டும் சொல்லாதீங்க. ஏமாத்தணும்னா மொத நிமிசமே ஏமாத்தியிருப்பேன். கைதட்டிக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேன்.”

“இனி நீ பேசாம இருந்தாப் போதுமம்மா.”

“சரி.” தலைத்துண்டை அவிழ்த்தார், வாயைச் சுற்றிப் பின்னந்தலையில் முடிச்சுப் போட்டார். நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்துகொண்டார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. இனி இரண்டு அணிக்கும் அவர் குரல் இல்லை.

அடுத்த பதினைந்து நிமிஷம் நான் உட்காரவே இல்லை. பஜார் மூன்று முறை கோலை நெருங்கியது. எஸ்டேட் கோல் காப்பாளர் மாரியப்பன், ஆறடி ஆள், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர், மூன்றையும் பிடித்தார். ஆட்டம் முடிய நான்கு நிமிஷம் இருக்கும்போது பந்து சாய்வில் உருண்டு தேயிலைக்குள் போனது. தேயிலைக்குள் போன பந்து வருவதற்கு நேரம் பிடிக்கும், நான்கு பெண்கள் இறங்கிச் செடிக்கடியில் தேடினார்கள். எல்லோரும் தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் யோகராஜ் கத்தினான். முதல்முறை குரல் பிசிறியது. மறுபடி கத்தினான்: “நெறை!”

நடுவரிடம் சொல்லிவிட்டு அவனும் மாரியப்பனும் சட்டையைக் கழற்றி மாற்றிக்கொண்டார்கள். கேப்டன் கோலுக்குப் போனான், கோல் காப்பாளர் முன்னால் வந்தார். மற்ற ஐந்து பேரும் கேள்வி கேட்கவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவுமில்லை. பந்து வந்தது, ஓரத்திலிருந்து உயர்த்தி அடித்தார்கள். பஜாரில் யாரும் ஆறடி இல்லை. மாரியப்பன் குதிக்கக்கூட இல்லை, நின்ற இடத்தில் தலையை ஆட்டினார். இரண்டுக்கு ஒன்று. நான் யார் தோளையோ பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். குழி தோண்டுகிறாள் என்று சொன்ன அதே அம்மா.

பரமேஸ்வரியைப் பார்த்தேன். துண்டு வாயை மூடியிருந்தது, கண் மட்டும் தெரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் துண்டை நனைத்துக்கொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை.

கப் கொடுப்பதற்கு முன் தோற்ற அணி ஆள் கேட்க வேண்டும். இரண்டு அணியும் நடுக்கோட்டில் எதிரெதிரே நின்றன. சுந்தரம் மைக்கை வாங்கிப் பரமேஸ்வரியிடம் நீட்டினார். “கப் குடுக்கற வரைக்கும் நீ எங்க ஆளு. நீயே சொல்லும்மா. யாரைக் கேக்கோணும்?”

அது மரியாதையா பரீட்சையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. இன்னும் ஐந்து நிமிஷத்தில் அவர் தன் அணிக்குத் திரும்பிவிடுவார். கடைசி வரிசையில் நிற்கும் யாரோ ஒரு பொடியனின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனால் யார் கேட்கப் போகிறார்கள்? நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். துண்டை அவிழ்த்தார்.

“யோகராஜைக் கேளுங்க.”

சுந்தரமே நம்பவில்லை. “உன்ற தம்பியவா?”

“தம்பின்னு சொல்லல. காலு அங்க எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கு. எப்ப மாத்தணும்னு இன்னிக்குத் தெரிஞ்சது அவன் ஒருத்தனுக்குத்தான். என்னையக் கேட்டா அவனத்தான் சொல்லுவேன்.”

“அப்ப உங்களுக்கு?”

“எங்களுக்கு ஆள் இருக்கு.”

யோகராஜின் முகம் ஒரு கணம் விழுந்தது, அதை மறைக்க மாட்டேன். அக்காவை முறைத்தான். பிறகு கையில் கட்டியிருந்த கேப்டன் பட்டையைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமலே பக்கத்தில் நின்ற மாரியப்பனிடம் நீட்டினான். நடுக்கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தான். பரமேஸ்வரி நீலச் சட்டையைக் கழற்றி அவன் தோளில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனார். தாண்டும்போது இரண்டு பேரும் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு பந்தைப் பற்றிய முதல் பேச்சாக இருக்கும், எனக்குக் கேட்கவில்லை. கூட்டம் இரண்டு பக்கமும் கைதட்டியது, நாசர் ஜீப் ஹாரனை விடாமல் அடித்தார்.

திங்கள் காலை 7 மணிக்குப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் நேரம். அங்கே போய் விடைபெற்றேன். பயந்தீர்களா என்று கேட்டேன்.

“பயந்தேன். நான் இல்லாம தோத்துருவானுங்களோன்னு பயம். நான் இல்லாம ஜெயிச்சுருவானுங்களோன்னும் கொஞ்சம் பயம்.” எழுதலாமா என்றேன். “எழுதுங்க சார், என் தம்பி எங்க படிக்கப் போறான்” என்றார். சார் என்று கிண்டலுக்குத்தான் சொன்னார்.

போக விரும்புகிறவர்களுக்கு: பந்தலூருக்குக் கூடலூரிலிருந்து பஸ் நிறைய உண்டு, ஊட்டியிலிருந்து நேர் பஸ்ஸை நம்பி நிற்காதீர்கள். ஆட்டம் பார்க்க ஒன்றரை மணிக்கே போய் மேட்டுப் பக்கம் இடம் பிடியுங்கள், பள்ளத்துப் பக்கம் உட்கார்ந்தால் பந்து தேட இறக்கிவிடுவார்கள். ஐந்தரைக்குள் மைதானத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும், யானை விஷயத்தில் வீரம் காட்டாதீர்கள். திரும்பும் வழியில் நடுவட்டத்தில் நிறுத்துவார்கள், தேநீர் குடிக்கலாம். போக, வர, தங்க, சாப்பிட என்று எனக்கு மொத்தம் இரண்டாயிரத்துக்குள் முடிந்தது.

ஒரு அணி நீண்ட காலம் ஆள முடியுமா? முடியாது என்று எழுதியது நான், அந்தப் பதிவை அழிக்கப் போவதில்லை. நான் பார்த்த அணிகளுக்கு அது இன்றைக்கும் உண்மை. அவர்கள் ஜெயித்ததும் முதல் வேலையாக ஜெயித்தவர்களைப் பூட்டி வைத்தார்கள், பூட்டி வைத்தவர்களுக்கு வயதாகியது. பந்தலூரில் ஒவ்வொரு வருஷமும் தங்களில் மிகச் சிறந்த ஆளைக் கையைப் பிடித்து எதிரியிடம் கொண்டுபோய் விடுகிறார்கள். விட்டுவிட்டு, வாடா பார்க்கலாம் என்று நிற்கிறார்கள். என் இருபது வருஷத்து அணிக்கு அந்தத் தைரியம் ஒருநாளும் இருந்ததில்லை.

இதை எழுதி முடிக்கும்போது பழைய பதிவின் கீழே ஒரு புதுக் கருத்து வந்திருக்கிறது. பெயர், பரமு. “பத்து ஆச்சு. யோகராஜையும் குடுத்தாச்சு. உங்க டிவி டீமுக்கு யாரு வேணும்னு கேட்டுச் சொல்லுங்க சார்.”